சூடு தெரியாத கை

ரங்கூனில் நான் இருந்த பதினெட்டு நாளில் நடந்தவற்றை முதலில் பட்டியலாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கப்பலில் பத்திரமாக வந்த என் கண்ணாடி அளவைக்குழாய், ரங்கூன் டிராம் வண்டியில் உடைந்தது.
2. ஒன்பது மூட்டை விதை பார்த்தேன். மூன்றை எடுத்தேன், ஆறைத் தள்ளினேன்.
3. மூன்றையும் ஆட்டி நான்கு டின் எண்ணெய் இறக்கினோம்.
4. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லாத ஒரு பொய்யைச் சொன்னேன்.
5. அதை நம்பி ஒரு பெண் கொதிக்கும் பானையை வெறுங்கையால் தூக்கினாள்.
6. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் சபையில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னோம்.
7. மூன்று டின் எண்ணெயோடு ஊர் திரும்பினேன்.

ஊரில் எல்லாரும் ஏழாவதைத்தான் கேட்கிறார்கள். நான்காவதைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் தெற்கே ஒரு குஷ்டரோக ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எங்கள் ஊசி மருந்து, பர்மாக் காட்டில் காய்க்கும் ஒரு கொட்டையின் எண்ணெய். ஐரோப்பிய மகா யுத்தம் முடிந்து எட்டு வருடமாகியும் எங்களுக்கு நல்ல எண்ணெய் வரவில்லை. வருவது கறுத்து, காறிப்போய் இருக்கும். ஊசியில் ஏற்றினால் போட்ட இடம் வீங்கிப் பழுக்கும். ஊசி நாளில் நோயாளிகள் கிணற்றடியிலும் வைக்கோல் படப்புக்குப் பின்னாலும் ஒளியத் தொடங்கினார்கள். ஆகவே, விதையைக் கண்ணால் பார்த்து வாங்கி, செக்கின் எதிரிலேயே நின்று ஆட்டி, சோதித்து எடுத்து வரும்படி பெரிய டாக்டரம்மா என்னை அனுப்பினார்.

தங்கியது ரங்கூனின் கெமண்டைன் பகுதியில், ஆற்றோரம், ஒரு தமிழ் உபதேசியார் வீட்டில். படகுத் துறையிலும் நெல் ஆலைகளிலும் வேலை செய்யும் நம்மவர்களுக்காக அங்கே ஒரு சின்ன ஜெபவீடு இருக்கிறது. பலகைச் சுவர், தகரக் கூரை. அதை ஒட்டி உபதேசியாருக்கு இரண்டு அறை. நாள் முழுவதும் உமி எரியும் புகை ஆற்றின் மேல் படிந்திருக்கும். காய வைத்த வெள்ளைத் துணியை மாலையில் எடுத்தால் அது சாம்பல் நிறமாகியிருக்கும்.

உபதேசியாரின் மனைவி பாக்கியம் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. நாசரேத் பக்கத்துப் பேச்சு, ரங்கூன் வந்து பதினாறு வருடமாகியும் மாறவில்லை. நான் போய் இறங்கியதும் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னட்டி, கல்லையா கட்டிக்கிட்டு வந்திருக்க?” என்றார்.

“தராசும் சீசாவும் அக்கா.”

“பொம்பளப் பிள்ள சீல கொண்டு வருவா. இவ சீசா கொண்டு வந்திருக்கா.”

இரண்டாம் நாள் விதைக் கடைக்கு டிராமில் போனோம். துணைக்கு வந்தவர் காதர் பாய், காயல்பட்டினத்துக்காரர், செக்கு அவருடையது. ஒரு திருப்பத்தில் டிராம் குலுங்கியது. என் மடியில் துணி சுற்றி வைத்திருந்த அளவைக்குழாய், பக்கத்தில் இருந்த பர்மியக் கிழவரின் குடைக்கம்பியில் மோதி இரண்டானது. கிழவர் பதறி ஏதேதோ சொன்னார். “இது என் வீட்டுப் பாத்திரமாக இருந்திருக்கக் கூடாதா என்கிறார்” என்று பாய் மொழிபெயர்த்தார். நாங்கள் இறங்கும்வரை கிழவர் குடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அன்றிலிருந்து சொட்டுக்குப்பியால் சொட்டு எண்ணித்தான் சோதனை செய்தேன்.

விதைக்காரியின் பெயர் மா சேன். கை நீளத்துக்கு ஒரு சுருட்டு. கடை, தராசு, கூலிக்காரர்கள் எல்லாம் அவள் அதிகாரம். அவள் புருஷன் திண்டில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் நான் மருந்தறைச் சாவியை இடுப்பில் செருகியிருப்பதையே இன்னும் பேசுகிறார்கள். இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விதையைக் கல்லால் உடைத்துப் பருப்பின் நிறம் பார்க்க வேண்டும். வெளுப்பாக இருந்தால் புதிது, கறுத்திருந்தால் பழையது. நான் மூட்டைக்கு முப்பது விதை உடைத்தேன். ஐந்தாவது மூட்டையில் மா சேன் சுருட்டை எடுத்துவிட்டு என்னவோ சொன்னாள், கடையே சிரித்தது.

“என்ன பாய்?”

“மருந்துக் கொட்டை வாங்க வந்தவளா, மாணிக்கக் கல் வாங்க வந்தவளான்னு கேக்குறா தங்கச்சி. கோவிச்சுக்காதீங்க. அவ கிண்டல் பண்ணுனா மதிக்கிறான்னு அர்த்தம்.”

ஆறு மூட்டையைத் தள்ளியபோது அவள் மறுத்துப் பேசவில்லை. மொஹிங்கா வாங்கித் தந்தாள். மீன் குழம்பில் ஊறிய அரிசி நூல், மேலே வாழைத்தண்டு. முதல் வாய் பயத்தோடு உண்டேன். கிண்ணம் காலியானது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோதுதான் முதலில் பார்த்தேன். பாக்கியம் அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். வலது கையில் துணி. இடது கை வெறுங்கை. கொதிக்கும் பானையின் விளிம்பை அந்தக் கை சாவகாசமாகப் பிடித்திருந்தது. ஆவி அதன் மேலேயே போனது.

“அக்கா, கை!”

“அதுக்கு ஒண்ணும் ஆவாது” என்றார் சிரித்தபடி. “கர்த்தர் குடுத்தது.”

விவரத்தை உபதேசியார் சொன்னார். ஏறக்குறைய ஒரு வருடமாக அக்காவின் இடது கையைத் தீ சுடுவதில்லை. ஆராதனை முடிந்ததும் துறைத் தொழிலாளர்களுக்கு ஊற்றும் கஞ்சியை அக்காதான் காய்ச்சி இறக்குவார். ஒரு முறை துணி நழுவியும் பானையை விடாமல் இறக்கி வைத்தாராம். பார்த்தவர்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். வேதத்தில் வரும், சூளையில் போட்டும் வேகாமல் நடந்தவர்களின் கதையை அன்று உபதேசியார் பிரசங்கித்தார். அதற்குப் பிறகு ஆராதனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியது.

அன்றிரவு படுக்குமுன் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: இடது கை, மணிக்கட்டுவரை உணர்ச்சி இல்லை. சுண்டுவிரல் சற்று மடங்கியிருக்கிறது. அதன் பக்கத்தில் சுட்ட தழும்புகள், பழையதும் புதியதும். முழங்கைக்கு மேல் வெளுத்த படை, அதில் வியர்வை இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இப்படி ஒருவர் வந்து நின்றால், பெயரைக் கேட்பதற்கு முன்பே நோயை எழுதிவிடுவோம்.

எழுதினேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் விருந்தாளி. உபதேசியாரின் வேலை போகலாம். அக்காவை ஊருக்கு வெளியே நோயாளிகள் விடுதியில் கொண்டுபோய் விடலாம். இன்னும் இரண்டு நாள் பார்த்துச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

ஞாயிறு வந்தது. ஆராதனைக்கு நாற்பது பேர் இருந்திருப்பார்கள். முடிந்ததும் முற்றத்தில் எல்லாரும் கும்பாவோடு உட்கார்ந்தார்கள். அக்கா கஞ்சிப் பானையை இறக்கினார். இடது கை வெறுங்கை. முற்றம் முழுவதும் ஒரு மூச்சு எழும்பி அடங்கியது.

என் பக்கத்தில் முனியம்மாள் இருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கம், புருஷன் துறையில் மூட்டை தூக்குகிறவன். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். அவள் எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டாள்: “கம்பவுண்டரம்மா, நீங்க மருந்து படிச்சவங்க. சொல்லுங்க, எந்த மருந்தாலயாச்சும் ஒரு கையை இப்படி ஆக்க முடியுமா?”

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார்.

“மருந்தால் முடியாது” என்றேன்.

அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. நான்கைந்து பேர் ஸ்தோத்திரம் என்றார்கள். கஞ்சி நன்றாக இருந்தது. என்னால் குடிக்க முடியவில்லை.

திங்களும் செவ்வாயும் செக்கடியில் கழிந்தன. முதல் எண்ணெய் வெளிர்மஞ்சளாக, கண்ணாடி போல் இறங்கியது. காரக் கரைசலைச் சொட்டு எண்ணி விட்டேன்; எண்ணெய் எவ்வளவு காறியிருக்கிறதோ, நிறம் மாற அவ்வளவு சொட்டு அதிகம் வேண்டும். சோதனைக் குப்பி பன்னிரண்டாவது சொட்டில் ரோஜா நிறமானது. ஊரில் எங்களுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய்க்கு எழுபது சொட்டாவது வேண்டும். காதர் பாய் குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்து, “சுப்ஹானல்லாஹ், இது எண்ணெயா, அத்தரா?” என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணெய் யாருக்குத் தேவையோ, அந்த ஆளின் வீட்டில்தான் தினமும் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

புதன்கிழமை மதியம் முனியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். கூலி லைனில் குழாயடிப் பேச்சில் யாரோ முனியம்மாளைச் சீண்டியிருக்கிறார்கள்: “ஒங்க சாமி அந்தம்மாவுக்கு மட்டுந்தான் தீயை அணைக்குமா, ஒனக்கும் அணைக்குமா?” அவள் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை இரண்டு கையாலும் தூக்கியிருக்கிறாள்.

சுண்ணாம்புத் தெளிநீரும் தேங்காய் எண்ணெயும் கலந்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரு அறைக்கு ஒன்பது பேர் இருக்கும் லைன். இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். விரல்நுனிகள் தப்பியிருந்தன. எனக்கு முன்பே சபையிலிருந்து இரண்டு பெண்கள் வந்து போயிருந்தார்கள்.

“விசுவாசம் பத்தலைன்னு சொன்னாங்கம்மா” என்றாள் முனியம்மாள். “நெசந்தான். சுட்டதும் கத்திட்டேன். கத்தாம இருந்திருந்தா ஆறியிருக்குமோ என்னமோ. உபதேசியாரும் ஞானஸ்நானம் அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

“நான் சொன்னதை நம்பியா தூக்கினாய்?”

“வேற யாரு சொன்னா நம்புவேன்? நீங்கதானே படிச்சவங்க.”

இரண்டு கைக்கும் கட்டுப் போட்டு முடித்தேன். பிறகு சொன்னேன்: “சுட்டதுதான் சரி முனியம்மா. கத்தினதும் சரி. உன் கை நல்ல கை.” அவளுக்குப் புரியவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது துறையோரமாக நடந்தே வந்தேன். எங்கள் மருந்தறையில் ஒரு விதி உண்டு. சீசாவுக்குள் இருப்பது எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும், மேலே ஒட்டிய சீட்டில் வேறு பெயர் இருந்தால் அதைக் கொட்டிவிட வேண்டும். ஐந்து நாளாக நான் என் பயத்தின் மேல் இரக்கம் என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். நீதி கடுமையானது, இரக்கம் மென்மையானது, இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே நினைத்து வந்தவள் நான். அக்காவின் விரல்களுக்கு இப்போது தேவைப்பட்ட இரக்கம் ஒன்றே ஒன்றுதான், நோயின் பெயரைச் சொல்வது. அதைச் சொல்லாமல் விட்டதால் ஒன்றும் தெரியாத இன்னொருத்தியின் இரண்டு கை வெந்திருந்தது. அவிசுவாசி என்ற பெயரும் அவளுக்கே வந்திருந்தது.

வியாழன் மதியம், உபதேசியார் வெளியே போயிருந்தபோது, சமையலறையில் அக்காவின் எதிரில் உட்கார்ந்தேன்.

“அக்கா, ஒரு சோதனை செய்யணும். கண்ணை மூடிக்கிட்டு இடது கையை நீட்டுங்க. நான் தொடும்போது சொல்லணும்.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணை மூடினார். கோழி இறகால் சுண்டுவிரலைத் தொட்டேன். மோதிர விரலை. உள்ளங்கையை. புறங்கையை. பிறகு ஊசிமுனையால் அதே நான்கு இடத்தையும் குத்தினேன். ஒரு இடத்தில் ரத்தம் பொட்டாக எழும்பியது.

“ஆரம்பியேன்ட்டி” என்றார் அக்கா. “எவ்வளவு நேரம் கண்ண மூடிக்கிட்டு இருக்க?”

அவர் கண்ணைத் திறந்து என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த ரத்தத்தை.

“பெருவியாதியா?” என்றார்.

“ஆமாம் அக்கா. ஆரம்பம்தான். விரல் எதுவும் போகவில்லை. இப்போதே ஊசி போடத் தொடங்கினால் போகாமல் காக்க வழி உண்டு. வருடக்கணக்கில் போட வேண்டியிருக்கும்.”

“கொப்புளம் வரும்” என்றார். “வலிக்காது, ஆனா வரும். முந்தானைக்குள்ள மறைச்சுக்கிடுவேன். மொதல்ல பயந்துதான் போனேன். அப்புறம் எல்லாரும் ஸ்தோத்திரம்னாவ. அது எனக்கு இனிச்சுது. பிள்ள இல்லாதவன்னு சொன்ன வாயெல்லாம் பாக்கியவதின்னு சொல்லிச்சு. நோயின்னு தெரிஞ்சா எங் கையால எவன் கஞ்சி வாங்குவான்?”

உபதேசியார் வந்ததும் அவரிடமும் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தணிந்த குரலில், “அம்மா, எண்ணெய் உங்களிடமே இருக்கிறது. நீங்கள் இருக்கும்வரை யாருக்கும் தெரியாமல் போட்டுவிட்டுப் போங்கள். சபையின் விசுவாசம் இதில் அடங்கியிருக்கிறது” என்றார். கெட்ட மனிதர் அல்ல. ஐந்து நாளாக நான் செய்ததைத்தான் அவரும் செய்யச் சொன்னார்.

“முனியம்மா கையில கட்டு இருக்கில்லா?” என்றார் பாக்கியம் அக்கா. “அவளுக்கு விசுவாசம் இல்லன்னு நீங்கதான சொன்னிய? அத யாரு போய் மாத்திச் சொல்ல?”

உபதேசியார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் அக்கா எழுந்தார். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார்.

“எனக்குக் கெடச்சது வரமில்ல, நோயி” என்றார். “சுட்டாத் தெரியாத நோயி. தெரியாம நானே ஏமாந்தேன். பொறவு சந்தேகம் வந்தும் மறைச்சேன். முனியம்மாளுக்குச் சுட்டது அவளுக்குச் சுகமுள்ள கை இருக்கதுனால. விசுவாசத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. எல்லாரும் என்னை மன்னியுங்க.”

நானும் எழுந்தேன். போன வாரம் மருந்தால் முடியாது என்று சொன்னதையும், நோயால் முடியும் என்று தெரிந்தே அதைச் சொன்னதையும் சொன்னேன். கஞ்சி வாங்கிக் குடித்ததால் யாருக்கும் இது வந்ததாக எங்கள் ஆஸ்பத்திரியில் நான் பார்த்ததில்லை என்றும், ஆனால் எப்படிப் பரவுகிறது என்று முழுதாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றும் சொன்னேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அன்று எனக்குத் துணிவில்லை.

துறை மேஸ்திரி ஒருவர் எழுந்தார். “இத்தன நாளா எங்க புள்ளைங்களுக்கு ஊத்திக் குடுத்தியே, தாயே!” என்றார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் போனார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அக்கா இருந்த பாயில் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல நகர்ந்து சுவரோரம் போனார்கள். முனியம்மாள் மட்டும் கட்டுப்போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்தபடி இருந்த இடத்திலேயே இருந்தாள்.

அக்கா உட்கார வந்து தயங்கி நின்றார்.

“உக்காருங்க அக்கா” என்றாள் முனியம்மாள். “எடம் நெறயக் கெடக்கு, கால நீட்டிக்கூட உக்காரலாம். ஒங்களுக்கு ஒரு கை போச்சு, எனக்கு ரெண்டும் போச்சு. ரெண்டு பேருமா சேந்து ஒரு சொம்பு தூக்க முடியாது.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அன்று முற்றத்தில் கஞ்சி இல்லை.

மறுநாள் அக்காவை ஒரு மருந்துச்சாலைக்கு அழைத்துப் போனேன். ஆரம்ப நிலை நோயாளிகளை விடுதியில் அடைக்காமல், வாரம் இருமுறை வரவழைத்து ஊசி போடும் ஒரு டாக்டர் அங்கே இருந்தார். அக்காவின் பெயரை எழுதிக்கொண்டார். அவர் அலமாரியில் இருந்த எண்ணெயைக் கேட்டு வாங்கிச் சோதித்தேன். அறுபதாவது சொட்டிலும் நிறம் மாறவில்லை. அவர் வெட்கப்பட்டார். “இதுதான் கிடைக்கிறது” என்றார்.

நான்கு டின்னும் எங்கள் நோயாளிகளுடையவை. என்னுடையது ஒன்றுகூட இல்லை. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அக்காவுக்காகப் புதிதாக விதை வாங்கலாம் என்று மா சேனிடம் போனேன். அவள் கையை விரித்தாள். காட்டிலிருந்து அடுத்த வரத்து மழைக்குப் பிறகுதான். “நல்லதை எல்லாம் இவளே பொறுக்கிக்கொண்டு போய்விட்டாளே, இப்போது என்னிடம் கேட்கிறாள்” என்றாளாம். பெரிய டாக்டரம்மாவுக்கு எழுதி அனுமதி வாங்கக் கப்பல் நாள் இடம் தரவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு டின்னை அந்த டாக்டரிடம் வைத்துவிட்டு, என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று ஒரு முழுத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

துறைமுகத்துக்கு அக்கா வரவில்லை. அன்று அவருக்கு இரண்டாம் ஊசி.

ஊரில் பெரிய டாக்டரம்மா அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். “நீ செய்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் இதையே செய்திருப்பேன். நோயாளிகளிடம் நீயே போய்ச் சொல்” என்றார். இரண்டு மாதத்து ஊசி குறையும் என்று ஆண்கள் கொட்டகையில் போய்ச் சொன்னேன். முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் வெளிப்படையாகவே திட்டினார். எங்களிடம் ஒன்பது வருடமாக இருக்கும் தாவீது, கையில் கட்டைவிரல் ஒன்று மட்டும் மிஞ்சியவர், கேட்டார்:

“அந்த அம்மாளுக்கு விரலெல்லாம் இருக்கா?”

“பத்தும் இருக்கிறது.”

“அப்பம் சரி” என்றார். “இருக்கட்டும்.”

நான் திரும்பி ஐந்து மாதமாகிறது. பாக்கியம் அக்கா ஊசியை ஒரு முறையும் தவறவிடவில்லை என்று உபதேசியார் எழுதியிருக்கிறார். உணர்ச்சி திரும்பவில்லை, படை பெரிதாகவும் இல்லை. உபதேசியாருடைய வேலை நீடிக்குமா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. மேஸ்திரி திரும்பி வரவில்லை. முனியம்மாள் ஞானஸ்நானம் பெற்றாள். ஞாயிறு கஞ்சியை இப்போது அவள்தான் காய்ச்சுகிறாள், இரண்டு கையிலும் துணி பிடித்து. குடிக்க வருகிறவர்கள் பதினைந்து பேர். எங்கள் மருந்தறையில் எண்ணெய் அடுத்த மாதக் கடைசிவரை வரும்.